பொறி தரும் விடையும் பொருளியற் கல்வியும்

கற்பிக்கப்படும் பொருள் ஒன்றாயினும் கற்போர் பலவகையினர் என்பதைத் தமிழிலக்கண ஆசிரியர் நெடுங்காலத்துக்கு முன்னரே உணர்ந்திருந்தனர். பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் மாணாக்கரை எட்டு உவமைகளால் வகுத்துக் காட்டுகின்றது. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னமும், வயிறார மேய்ந்து பின்னர் ஓரிடத்திருந்து அசைபோடும் ஆவும் தலைமாணாக்கருக்கு உவமைகள். உழுவோனுடைய உழைப்பின் அளவே பயன் தரும் மண்ணும், கற்பித்த சொல்லன்றி வேறு சொல்லறியாத கிளியும் இடைமாணாக்கருக்கு உவமைகள். ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்பன கடைமாணாக்கரைக் குறிப்பன. ஏழு நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட இப்பாகுபாடு, இன்று பல்கலைக்கழகங்களின் வாயிலில் வந்து நிற்கும் புதியதொரு வருகையை அளந்தறிவதற்கும் உதவுகின்றது. செயற்கை நுண்ணறிவு எனப்படும் பொறியே அவ்வருகை. அது மாணாக்கனா, ஆசிரியனா, அன்றி இருவருக்கும் இடையே நின்று இருவரையும் சோம்பச் செய்யும் மூன்றாமவனா என்பது ஆராய்தற்குரியது.

2022ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் சாட்ஜிபிடி என்னும் உரையாடற் பொறி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அடுத்த ஆண்டே பொருளியலாசிரியர் சிலர் அதனைத் தேர்வுமண்டபத்தில் இருத்திப் பார்த்தனர். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதலாண்டுப் பொருளியல் பயின்றோரின் விளக்கத்தை அளப்பதற்கெனவே ஆக்கப்பட்ட வினாத்தொகுதி ஒன்றை அதற்குக் கொடுத்தபோது, நுண்பாகப் பொருளியலில் 30 வினாக்களுள் 19க்கும், பேரினப் பொருளியலில் 30 வினாக்களுள் 26க்கும் அது சரியான விடை தந்தது. அதே தேர்வை எழுதிய மாணவரோடு ஒப்பிடுமிடத்து, முன்னதில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேலாகவும், பின்னதில் ஏறத்தாழ எல்லாருக்கும் மேலாகவும் அது நின்றது. அவ்வாண்டின் இறுதியில், வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அன்ரன் கொரினெக், பொருளியல் ஆய்வாளருக்கு இத்தகைய பொறிகள் உதவக்கூடிய வழிகளை ஆறு துறைகளாக வகுத்து நீண்டதொரு கட்டுரை வெளியிட்டார். கருத்துத் தேடல், எழுத்து, பின்னணி ஆய்வு, தரவுப் பகுப்பு, கணினிக் கட்டளை எழுதுதல், கணித நிறுவல் என்பன அவை. பொருளியல் மாணவன் மூன்றாண்டுகளிற் கற்கவேண்டிய தொழில்களின் பட்டியலும் ஏறக்குறைய இதுவே என்பது கவனிக்கத்தக்கது.

பொருளியற் கல்விக்குப் பொறி புதிதன்று. 1949ஆம் ஆண்டில் பில் பிலிப்ஸ் என்னும் நியூசிலாந்துக்காரர் இலண்டன் பொருளியற் கல்லூரியில் நீர்ப்பொறி ஒன்றை இயக்கிக் காட்டினார். நாட்டு வருமானம் வண்ணநீராகக் கண்ணாடிபோன்ற குழாய்களில் ஓடும். ஒரு வாயில் வழியே வரியும், மற்றொன்றின் வழியே சேமிப்பும், இன்னொன்றின் வழியே இறக்குமதிச் செலவும் பிரிந்து செல்லும். வாயிலொன்றைச் சிறிது திறந்தால் எங்கே நீர் உயரும், எங்கே வற்றும் என்பதை மாணவன் கண்ணாற் காணலாம். அப்பொறியில் மறைவு எதுவும் இல்லை. விடை பிறக்கும் வழியே அங்குப் பாடமாக அமைந்தது. இன்றைய பொறியின் இயல்போ இதற்கு மாறானது. எழுதப்பட்ட நூல்களும் ஏடுகளும் கோடிக்கணக்கான பக்கங்களாக அதற்கு ஊட்டப்பட்டுள்ளன. ஒரு சொற்கூறின்பின் எச்சொற்கூறு வருதல் பொருந்தும் என்பதைக் கணித்துக் கணித்து அது வாக்கியங்களை அமைக்கின்றது. வழி மறைந்துகிடக்க, விடை மட்டும் வெளிப்படுகின்றது. பழைய பொறி விளங்கவைத்தது. புதிய பொறி விளங்கியதுபோன்ற உணர்வைத் தருகின்றது. இவ்விரண்டுக்குமிடையே உள்ள வேறுபாடே இவ்வாராய்ச்சியின் மையமாகும்.

முதற்கண் அதன் நற்பயன் நடுநிலையோடு கூறப்படவேண்டும். ஊவா மாகாணத்துப் பதுளை, மொனராகலை ஆகிய இரு மாவட்டங்களும், பல்கலைக்கழக அனுமதியிற் கல்வியிற் பின்தங்கியவையெனக் கணிக்கப்பட்டுத் தனி ஒதுக்கீடு பெறும் 16 மாவட்டங்களைச் சேர்ந்தவை. பசறை, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளை முதலிய இடங்களின் தோட்டப் பாடசாலைகளிலிருந்து பல்கலைக்கழகம் புகும் மாணவனுக்கு, வகுப்பில் விளங்காத ஒன்றை வீட்டிற் கேட்டறியத் தந்தையும் தமையனும் உதவ இயலாது. பெரும்பாலும் அவனே அக்குடும்பத்திற் பல்கலைக்கழகம் புகுந்த முதல்வன். நெகிழ்ச்சி என்பது யாது என்று பத்தாம் முறை கேட்பினும் முகஞ்சுளியாத ஆசிரியன் நள்ளிரவிற் கைபேசியிலேயே கிடைப்பது அவனுக்குப் பெரும்பேறு. 2005இற் பதுளையில் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்திற் கற்பித்தல் ஆங்கிலத்திலேயே நிகழ்கின்றது. தமிழ்மொழியிற் கற்று அங்குச் செல்லும் மாணவன், ஆங்கிலப் பாடநூற் பக்கமொன்றைத் தன் மொழியில் விளக்குவித்துக் கொள்ளக்கூடிய வாய்ப்பை முன்னொருகாலத்தும் பெற்றிருந்தானல்லன். தேயிலை ஏலவிலைகளைப் பல ஆண்டுகளுக்குத் தொகுத்துத் தொடர்புக் கணக்கிடுவது முன்னர் ஒரு தவணை முழுவதற்குமுரிய வேலை. இன்று அது ஒரு மாலைப்பொழுதில் முடிகின்றது. இவற்றை மறுத்து, பொறியை முற்றாக விலக்குக எனப் பேசுவோர், ஏற்கெனவே நூலகமும் ஆசிரியரும் அண்மையிலிருக்கப் பெற்றோராகவே இருப்பர். இதன்மேலும், சமிக்ஞை தேடி மலைநாட்டுப் பிள்ளைகள் பாறையும் மரமும் ஏறிய 2021ஆம் ஆண்டின் காட்சியை எண்ணுவோர், இப்பேறுகூட எல்லார்க்கும் சமமாகக் கிட்டுவதன்று என்பதையும் உணர்வர்.

இனி, அப்பொறி தரும் விடையை ஓர் உரைநடைப் படைப்பாகக் கொண்டு திறனாய்வு செய்தல் தகும். அதன் நடை தெளிவானது, வரிசை ஒழுங்கானது, முன்னுரையும் முடிவுரையும் தவறாது அமைந்தது. ஆயினும் அதற்கு ஊர் இல்லை. எந்நாட்டில், எத்தோட்டத்தில், எவ்வாண்டில் நின்று பேசுகின்றது என்பதை அதன் நடையிலிருந்து அறிதல் அரிது. பொருளியலோ ஊரின்றி விளங்காத கல்வி.

ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். கூலியைச் சட்டத்தால் உயர்த்தினால் விளைவு யாது என்பது முதலாண்டு மாணவன் எதிர்கொள்ளும் வினா. கேள்விக் கோடும் நிரம்பற் கோடும் வெட்டும் இடத்துக்கு மேலே கூலியை வைத்தால் வேலையின்மை பிறக்கும் என்பது பாடநூல் தரும் விடை. சற்றே முயன்று கேட்டாற் பொறி மேலும் சொல்லும். வேலை கொடுப்போர் ஒருவரே ஆகும் சந்தையில் கூலியுயர்வு வேலையைக் குறைக்கவேண்டியதில்லை என்ற கருத்தை யோன் றொபின்சன் 1933இல் வெளியிட்ட நூலிலிருந்தும், நியூ ஜேர்சி மாநிலத்து உணவகங்களை ஆராய்ந்து கார்ட், குரூகர் என்போர் 1994இல் வெளியிட்ட முடிவிலிருந்தும் அது எடுத்துக்காட்டும். இத்துணையும் நன்றே. ஆனால் ஊவாத் தோட்டத்தின் நிலை யாது? 1000 ரூபா நாட்கூலிக் கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்தின்பின் 2021 மார்ச் மாதத்தில் வர்த்தமானி வாயிலாக நிறைவேறியது. 2024இல் அடிப்படைக் கூலி 1350 ரூபாவாயிற்று. எனினும் தோட்டத்தில் நாட்கூலி என்பது நாளைக் கழித்தமைக்கு மட்டும் கிடைப்பதன்று. குறித்த நிறைக் கொழுந்து பறித்தாலே ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். கூலி உயர்ந்ததும் கொழுந்தின் நிறையளவு உயர்த்தப்பட்டது, வேலைநாட்கள் சுருக்கப்பட்டன என்ற முறைப்பாடு 2021இன் பின் தோட்டங்களெங்கும் பரவலாக எழுந்தது. தொழிலாளி வாழும் லயமும் தோட்டத்துக்கே உரியது. வேலையை விட்டால் வீட்டுக்கும் இடர் வரும். ஆகவே கோட்டுப்படத்தின் அச்சிற் குறிக்கப்படும் கூலி ஒன்று. பெரட்டுக்களத்திற் பேர் போடுமிடத்துத் தீர்மானிக்கப்படும் கூலி வேறொன்று. நிறையளவென்னும் இம்மூன்றாம் மாறியைப் படத்திற் காணாத விடை, பிழையற்றதாயிருந்தும் பயனற்றதாகின்றது.

மொனராகலைப் பக்கத்துச் சோளச் செய்கையும் இத்தகையதே. விளைச்சல் குறைந்தால் விலை உயரும் என்பது விதி. 2018இன் இறுதியிற் படைப்புழு பரவிச் சோளப்பயிர் அழிந்தபோது, எஞ்சிய விளைவுக்கு நல்ல விலை கிடைத்திருக்கவேண்டும் என ஏட்டுக் கல்வி கூறும். விதைக்கும் பசளைக்கும் வியாபாரியிடம் முன்னரே கடன்பட்டு, விளைவை அவரிடமே கொடுக்க உடன்பட்ட கமக்காரனுக்கு அவ்விலையுயர்வால் வரும் பயன் சிறிது. கடனைக் காணாத கண்ணுக்குச் சந்தை போட்டி நிறைந்ததாகவே தோன்றும்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். நிறையளவைப் பற்றியும் கடனைப் பற்றியும் பொறியிடம் கேட்டால் அது விடை சொல்லுமன்றோ? சொல்லும், ஐயமில்லை. ஆனால் கேட்கவேண்டியது எது என்பதை அறிந்தவனுக்கே அது சொல்லும். நன்னூலாரின் உவமையிற் பொறியைக் கிளியென இகழ்வோர் பலர். அதனினும் பொருந்துவது மண் என்னும் உவமையே. ஆழ உழுபவனுக்கு அது ஆழ்ந்த விளைவைத் தருகின்றது. மேலே கீறுபவனுக்குப் பதரைத் தருகின்றது. ஆகவே இக்கருவி கற்றோனுக்கும் கல்லாதோனுக்கும் இடையேயுள்ள தூரத்தைக் குறைக்கும் என எளிதிற் கூறிவிட இயலாது. சில வேளைகளில் அது தூரத்தைக் கூட்டவும் கூடும்.

புள்ளிவிவரத்தைக் கையாளும் முறையில் மற்றொரு குறை வெளிப்படுகின்றது. இலங்கையின் வறுமைவீதம் 2016ஆம் ஆண்டுக் கணிப்பில் 4.1 சதவீதம் எனவும், 2019ஆம் ஆண்டுக் கணிப்பில் 14.3 சதவீதம் எனவும் வெளியாகியது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, மூன்றாண்டில் வறுமை மும்மடங்குக்கு மேலாயிற்று என அழகியதொரு பந்தி எழுதுதல் பொறிக்கு எளிது. அதனைப் படியெடுத்தல் மாணவனுக்கு அதனினும் எளிது. உண்மை யாதெனின், இடையில் வறுமைக்கோடே புதிதாக வரையப்பட்டது, அளவுகோல் மாறியது. அன்றியும், 2019இல் நாட்டுச் சராசரி 14.3 ஆயிருக்கத் தோட்டத்துறையின் வீதம் 33.8 ஆயிருந்தது. தோட்டத்தில் மூவரில் ஒருவர் வறியர் என்னும் செய்தி சராசரிக்குள்ளே மறைந்துவிடுகின்றது. எண் எவ்வாறு பிறந்தது, யாரை எண்ணியது, யாரை விட்டது என்று வினவும் பழக்கமே பொருளியலாளனை எழுதுவினைஞனிடமிருந்து பிரிப்பது. அப்பழக்கத்தைப் பொறி தடுப்பதில்லை. ஆனால் அதன் தேவை தோன்றாதவாறு விடையைச் செப்பமாக்கித் தருகின்றது.

தமிழ்க் கலைச்சொற்களின் நிலையும் எண்ணற்பாலது. இலங்கைப் பல்கலைக்கழகத்துக் கலைத்துறைகளில் 1960ஆம் ஆண்டு முதல் சுயமொழிக் கற்பித்தல் தொடங்கியது. அதனையொட்டி அரசகரும மொழித் திணைக்களத்தின் கலைச்சொற்றொகுதிகளும், ஆசிரியர் தலைமுறைகளின் உழைப்பும் சேர்ந்து இந்நாட்டுக்கெனப் பொருளியற் றமிழொன்றை உருவாக்கின. கேள்வி, நிரம்பல், எல்லைப் பயன்பாடு என்பன இங்குப் பயில்வன. தமிழ்நாட்டிற் பயில்வன தேவை, அளிப்பு, இறுதிநிலைப் பயன்பாடு என்பன. இரண்டும் நல்ல தமிழே. ஆயினும் ஒரே விடையில் இரண்டும் கலந்து வருமாயின், கேள்வி என்பது வினாவோ, கொள்வனவு விருப்போ என முதலாண்டு மாணவன் மயங்குவான். உலகில் எழுதப்பட்டவற்றுள் ஆங்கிலத்துக்குரியது பெரும்பங்கு, தமிழுக்குரியது சிறுபங்கு, அச்சிறுபங்கினுள்ளும் இலங்கைத் தமிழ் எழுத்துத் துளியளவே. அரிதின் ஆக்கப்பட்ட சொல்வளம், எவரும் அழிக்காமலே, பயிலாமையால் அழியும் அபாயம் இங்குண்டு. பொறியை நாடும் ஆசிரியர் இதனையும் தம் கடமைகளுள் ஒன்றாகக் கொள்ளல் வேண்டும்.

மேற்கூறியவை அனைத்தினும் பெரிதானது தேர்வுமுறை பற்றிய வினா. பல்கலைக்கழகப் பட்டம் என்பது கற்ற கல்வி மட்டுமன்று. கற்றான் என்பதற்கு அடையாளமுமாகும் என 1973இல் மைக்கல் ஸ்பென்ஸ் என்னும் பொருளியலறிஞர் விளக்கினார். ஓர் அடையாளம் நம்பப்படுவதற்குக் காரணம், தகுதியற்றவனுக்கு அதனைப் பெறுதல் கடினமாயிருத்தலே. வீட்டிலிருந்து எழுதிக் கொணரும் கட்டுரையைச் சில நொடிகளிற் பொறி எழுதித்தருமாயின், அக்கட்டுரை அடையாளமாதல் ஒழியும். எவரும் செலவின்றிப் பெறுவது எவரையும் வேறுபடுத்திக் காட்டாது. இதனால் யாருக்கு இழப்பு? கொழும்பிற் புகழ்பெற்ற கல்லூரியிற் கற்று, உறவினர் வாயிலாகத் தொழில் நாடுபவனுக்குப் பட்டம் பல சான்றுகளுள் ஒன்று. நமுனுகுலை அடிவாரத்து லயமொன்றிலிருந்து வருபவனுக்கு அதுவே ஒரேயொரு சான்று. அவனைப்பற்றி எழுத அறிமுகமான பெரியார் எவரும் இலர்; ஆங்கில உச்சரிப்பும் அவனுக்குத் துணைநில்லாது. பட்டத்தின்மேல் வைத்த நம்பிக்கை தளருமாயின், வேலை கொடுப்போர் பழைய அடையாளங்களுக்கே, பள்ளியின் பெயருக்கும் குடும்பத்தின் செல்வாக்குக்குமே, திரும்பிச்செல்வர். இரவெல்லாம் துணைநின்ற அதே பொறி, பகலில் அவன் பெற்ற பட்டத்தின் மதிப்பைக் குறைத்துவிடும் முரண் இது. பொறியைப் புகழ்வோரும் இகழ்வோரும் ஒருங்கே காணத் தவறிய இடம் இதுவே.

கற்றலின் உள்ளீட்டைப் பற்றியும் சான்று உண்டு. துருக்கி நாட்டில் உயர்பாடசாலை மாணவர் ஏறத்தாழ ஆயிரவரைக் கொண்டு நடத்திய சோதனையின் முடிவு 2024இல் வெளியாயிற்று. கணிதப் பயிற்சியின்போது பொறியைத் தடையின்றிப் பயன்படுத்தியோர் பயிற்சியில் 48 சதவீதம் மேம்பட்டனர். பொறியை நீக்கித் தேர்வு வைத்தபோதோ, அதனை ஒருபோதும் தொடாதவரைவிட 17 சதவீதம் கீழ்ப்பட்டனர். விடையைச் சொல்லாது குறிப்புமட்டும் தருமாறு கட்டுப்படுத்திய பொறியைப் பயன்படுத்தியோரிடம் இவ்வீழ்ச்சி பெரிதும் காணப்படவில்லை. மேய்ச்சல் பெருகி அசைபோடல் அற்றுப்போன ஆவின் நிலை முன்னவர் நிலை. குற்றம் புல்லில் இல்லை. மேய்ந்தபின் அமர்ந்திருக்க இடமளியாத முறையிலேயே இருக்கின்றது.

ஆயின் செய்யத்தக்கது யாது? நீரும் வைரமும் பற்றி அடம் சிமித் 1776இல் எழுப்பிய புதிர் இங்கு வழிகாட்டும். பயன் மிகுந்த நீர் மலிவானது, பயன் குறைந்த வைரம் அரியது. விலையைத் தீர்மானிப்பது அருமையே. விடை இன்று நீர்போல் மலிந்துவிட்டது. அரியனவாய் எஞ்சியிருப்பவை மூன்று: தக்க வினா, நேரிற் கண்ட உண்மை, ஒன்றை ஏற்கவும் மறுக்கவும் வல்ல தீர்ப்பு. பல்கலைக்கழகம் மதிப்பெண் வழங்கவேண்டியது இம்மூன்றுக்குமேயாம்.

ஆகவே, பொறி எழுதிய விடையொன்றை வகுப்பிற் கொடுத்து, இது பதுளை மாவட்டத் தோட்டமொன்றுக்கு எங்ஙனம் பொருந்தும், எங்கே பொருந்தாது என எழுதச்செய்தல் வேண்டும். கட்டுரையை எழுதியவனே அதனை ஆசிரியர் முன்னிலையிற் காத்துப்பேசும் வாய்மொழித் தேர்வு மீளவேண்டும். கள ஆய்வு ஒவ்வொரு மாணவனுக்கும் கட்டாயமாதல் வேண்டும். லயத்தில் வளர்ந்த மாணவன் அரைப்பேரின் பொருளாதாரத்தைப் பேராசிரியருக்கே விளக்கவல்லவன். ஆனால் அழகிய ஆங்கிலத்தில் அமைந்த விடையின்முன், தான் அறிந்தது அறிவே அன்று என எண்ணி வாய்மூடுபவனும் அவனே. தாயின் கூடையிற் கண்ட நிறையையும், சம்பளத்துண்டிற் கண்ட கழிவையும் பொருளியற் சான்றாக வகுப்பிற் சொல்லத் துணிவு கொடுக்கும் ஆசிரியரே இக்காலத்துக்கு வேண்டியவர். வெளிநாட்டுப் பொருளியலறிஞர் பலர் இந்நாட்டுக்கு வந்து எழுதிய கட்டுரைகள் 1959இற் றொகுதியாக வெளிவந்தன. மேற்குறித்த யோன் றொபின்சனும் அவர்களுள் ஒருவர். வந்தவர் கண்டு எழுதியது போக, இருப்பவர் கண்டு எழுதவேண்டியது இன்னும் மிகுதியாய்க் கிடக்கின்றது. அது எழுதப்படுமளவும் எந்தப் பொறியும் அதனை அறியமாட்டாது. எழுதப்படாததைப் பொறி கற்றற்கு வழியில்லை.

இத்திட்டத்துக்குத் தடை ஒன்றுண்டு. வாய்மொழித் தேர்வும் கள ஆய்வும் ஆசிரியரின் நேரத்தைப் பெரிதும் வேண்டுவன. 2022 ஏப்பிரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்தலை நிறுத்திவைக்கும் நிலைக்கு வந்த ஒரு நாடு, ஆசிரியரைப் பெருக்குதல் எளிதன்று. ஆசிரியருக்குப் பதிலாகப் பொறியை வைத்துச் செலவைச் சுருக்குக என்ற குரலே வலுப்பெறும். ஆனால் பொறியால் மிஞ்சும் நேரம் ஆசிரியரைக் குறைப்பதற்கன்றி, ஆசிரியர் மாணவரோடு அமர்ந்திருப்பதற்கே செலவிடப்படுதல் வேண்டும். இதனைச் சிக்கனம் என்னும் பெயரால் மறுப்போர், அச்சிக்கனத்தின் செலவை ஊவாவின் மலைச்சரிவுகளிலிருந்து வரும் மாணவர்மேற் சுமத்துகின்றனர். செலவு யார்மேல் விழுகின்றது என வினவுதலே பொருளியலின் முதற்பாடம். அப்பாடத்தைத் தன் கல்விமுறையின்மேலேயே செலுத்திப்பார்க்கும் பல்கலைக்கழகத்துக்குப் பொறி நல்ல மண்ணாகும். செலுத்தாததற்கு அது வெறும் கிளியாகவே இருந்துவிடும்.